புல்தரையில் கவிழ்த்து வைத்த முகம்

"எந்த மாடி?" என்று கேட்டுக் கேட்டே அவளுக்கு மாடியம்மா என்று பெயர் வந்துவிட்டது. ஏகப்பட்ட அலுவலகங்கள் குடியிருக்கும் ஒரு பழைய கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டுவது அவள் வேலை. லிஃப்டுக்குள் ஒரு முக்காலி, தலைக்கு மேல் குழந்தை முகம் அளவுக்கு ஒரு மின்விசிறி, தேய்ந்து எண் அழிந்துபோன பொத்தான்கள். ஜன்னல் கிடையாது. காலையில் ஏறி உட்கார்ந்தால் சாயங்காலம் இறங்கும்வரை உலகம் அவளுக்கு மேலும் கீழுமாகத்தான் இருந்தது. அக்கம்பக்கம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும்.

பொத்தான் பலகையை எந்தப் புண்ணியவானோ அந்தக் காலத்தில் பின் மூலையில் பொருத்திவிட்டுப் போயிருந்தான். அதனால் அவள் முக்காலியும் பின் மூலையில்தான். ஏறுகிறவர்கள் எல்லோரும் கதவைப் பார்த்து நிற்பார்கள். அவளுக்குத் தெரிவதெல்லாம் பிடரிகள்தான். வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்த பிடரி, மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகும் பிடரி, புதிதாகக் காதலில் விழுந்திருக்கும் பிடரி என்று அத்தனையும் அவளுக்கு அத்துப்படி. முகத்தைக் காட்டினால்தான் யாரென்று சொல்லக் கொஞ்சம் யோசிப்பாள்.

அவள் நன்றாக அறிந்த முகம் ஒன்றே ஒன்று. அதுவும் தூங்கும் முகம்.

அவள் கணவர் ரயிலடித் தெரு ரொட்டிக்கடையில் அடுப்பு மாஸ்டர். ஊர் தூங்கும்போது அவருக்கு வேலை. விடிந்ததும் வீட்டுக்கு வருவார், தேய்த்துக் குளிப்பார், குளித்த பிறகும் புருவத்தில் கொஞ்சம் மாவு மிச்சமிருக்கும். தேநீரைக் குடித்த கையோடு கட்டிலில் சாய்வார். அவள் தலை வாரிப் புடவை மாற்றிக் கிளம்புவதற்குள் அவர் வேறு உலகத்துக்குப் போயிருப்பார். சாயங்காலம் அவள் திரும்பி வரும்போது அவர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பார். ஒரே மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கப் போன பிறகு வீட்டில் பேச்சுக்குரலே அருகிவிட்டது. "நீங்க குடும்பம் நடத்தலடி, ஷிஃப்ட் மாத்திக்கிறீங்க" என்பாள் நகரத்தின் மறுகோடியில் இருக்கும் அவளுடைய அக்கா.

ஒருநாள் யாரோ லிஃப்டுக்குள் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார்கள். குளத்துப் பூங்காவில் ஞாயிறு காலை ஓவிய வட்டம். கட்டணம் இல்லை. பென்சில் இருந்தால் போதும். வரையத் தெரியாதவர்கள் அவசியம் வரவும்.

அந்தக் கடைசி வரிதான் அவளைப் பிடித்துக்கொண்டது. மேலே போகும்போது படிப்பாள், கீழே வரும்போது படிப்பாள். இந்த நகரத்தில் காசில்லாமல் இத்தனை நடக்கிறதா என்று அவளுக்கே வியப்பு. நூலகத்து மாடியில் பாட்டு வகுப்பு நடக்கிறது, ஆற்றங்கரையில் பறவை பார்க்கக் கூட்டிப் போகிறார்கள், நகராட்சித் தோட்டத்தில் செடி ஒட்டுக் கட்டச் சொல்லித் தருகிறார்கள். பாட்டுக்கு முன்பே ஒருமுறை அவள் போயிருந்தாள். வேடிக்கையாகக் கணவர் அதைக் கடையில் சொல்லப்போக, "அண்ணி ஓட்டுற லிஃப்ட் மாதிரியே ஸ்ருதியும் ஏறி இறங்குதாமே" என்று அவர் கூட்டாளி ஒருவர் வீட்டு வாசலிலேயே நின்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். கணவரும் சிரித்தார். அதில் விஷம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் மறுவாரம் அவள் பாட்டுக்குப் போகவில்லை. ஏன் போகவில்லை என்று அவரும் கேட்கவில்லை.

ஆகவே இந்த முறை அவள் உஷாராக இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டுக்குப் போய் வருவதாகச் சொல்லிவிட்டாள். அக்காவும் உடந்தை. "நீ வராமலே நான் உனக்கு எத்தனை வேளை சோறு போட்டிருக்கேன் தெரியுமா? என்னிக்காவது உம்புருஷன் என்ன சமையல்னு கேட்டா, ரெண்டு பேரும் ஒரே பதிலைச் சொல்லணும், ஞாபகம் வச்சுக்க."

பூங்கா அவளுக்கு ஒரு கனவு மாதிரி இருந்தது. முதல் ஞாயிறு அங்கே போய் நின்றபோது எதைப் பார்ப்பது என்றே புரியவில்லை. மேலும் கீழும் மட்டும் இல்லை, நாலு பக்கமும் இருந்தது. குளத்தில் வானம் தலைகீழாகக் கிடந்தது. காற்று ஒரு வாத்தைக் கொண்டுபோய் மேகத்தின் நடுவில் விட்டது. மாலை வரை ஒரு சதுர அடி வெளிச்சம்கூடப் பார்க்காத கண்கள் அத்தனை பச்சையைத் தாங்க மாட்டாமல் கசிந்தன. அழுகிறோம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. கண் குளிக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

வட்டத்தைக் கூட்டுகிறவள் நூலகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண். அவள் எதையும் கற்றுத்தருவதில்லை. அச்சகத்தில் வெட்டிப்போட்ட தாள்துண்டுகளை வாங்கி வந்து பகிர்ந்து கொடுப்பாள், அவ்வளவுதான். ஆனால் வட்டத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. அதை மட்டும் அவள் கண்டிப்பாகப் பார்த்துக்கொள்வாள். வரைந்து முடித்ததும் யாரும் பெயர் எழுதக்கூடாது. படங்களை வாங்கிக் கலைத்துப் புல்லின்மேல் கவிழ்த்து வைத்து, பறக்காமல் இருக்க ஆளுக்கொரு கூழாங்கல் வைக்க வேண்டும். பிறகு எல்லோரும் சுற்றி நடந்து, கால் நின்ற இடத்தில் இருப்பதை எடுத்துக்கொள்ள வேண்டும். தன் படமே தனக்கு வந்தால் திரும்ப வைத்துவிட்டு வேறொன்று எடுக்க வேண்டும். தான் வரைந்ததைத் தான் வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடாது. யாருடைய படம் யாரிடம் போனது என்று கேட்கவும் கூடாது.

மாடியம்மாவுக்கு இந்த வழக்கம் அமிர்தமாக இருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோனால்தானே மாட்டிக்கொள்வாள்? அவளுக்குக் கிடைத்த படங்களை லிஃப்ட் முக்காலியின் அடியில் செருகி வைத்தாள். அவள் வரைந்தவற்றில் எல்லா மனிதர்களும் முதுகைக் காட்டி நின்றார்கள். குளத்தைப் பார்ப்பவர், பந்தைத் தேடுபவர், பெஞ்சில் சாய்ந்தவர் என்று எல்லோருக்கும் பிடரிதான். "இந்த வட்டத்துல யாரோ ஒருத்தர் மட்டும் எல்லார்கிட்டயும் கோவிச்சுக்கிட்டு இருக்காங்க" என்று நூலகத்துப் பெண் ஒருமுறை சொல்ல, மற்றவர்களோடு சேர்ந்து அவளும் சிரித்து வைத்தாள்.

பிறகு மழை பெய்த ஒரு ஞாயிறு. எல்லோரும் பூங்காவின் கூரைக் கொட்டகைக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். குளமும் தெரியவில்லை, மரமும் தெரியவில்லை. எல்லாம் வெள்ளைத் திரை. வெளியே ஒன்றும் தெரியாததால், கண்ணை மூடிக்கொண்டால் என்ன தெரிகிறதோ அதை வரையுங்கள் என்றாள் நூலகத்துப் பெண்.

மாடியம்மா கண்ணை மூடினாள். மழைச் சத்தம் ஈரத்துணி போல முகத்தில் படிந்தது. பென்சில் தானாக நடந்தது. தலையணையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, முழங்காலை மடித்து, வாய் லேசாகத் திறந்திருக்க, ஒரு பெரிய மனிதர் சின்னப் பிள்ளையாகத் தூங்கினார். முன்கையில் அடுப்புக் கதவு சுட்ட பிறைத் தழும்பு. புருவத்தில் மாவு. இத்தனை வருஷமாகத் தினமும் தலை வாரிக்கொண்டே பார்த்த முகம், ஒரு கோடுகூடத் தப்பாமல் தாளில் இறங்கிவிட்டது. அவள் வரைந்த முதல் முகம் அது.

முடிந்த பிறகுதான் திகைத்தாள். ஆனால் வழக்கம் வழக்கம்தான். படம் கைமாறிக் கொட்டகைத் தரையில் கவிழ்ந்து, கூழாங்கல்லைச் சுமந்தது. சுற்றி நடந்தவர்களில் ஒருவர் அதன் அருகே நின்று எடுத்தார். அரசு மருத்துவமனையில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர் அவர். எப்போதும் கண் சிவந்திருக்கும், அதிகம் பேசமாட்டார். படத்தைத் திருப்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். மழை நின்ற பிறகும் நின்றார். அவள் அவருடைய பிடரியைப் பார்த்தாள். ஏதோ ஒரு பாரத்தை இறக்கி வைத்த பிடரி.

அது அத்தோடு போயிருக்கும். ஆண்டு முடிவில் நூலகக் கூடத்தில் ஒரு கண்காட்சி வைக்கலாம் என்று முடிவானது. அவரவர் எடுத்துப்போன படங்களில் மனசுக்குப் பிடித்த ஒன்றைச் சட்டம் போட்டுக் கொண்டுவர வேண்டும். பார்க்க வருகிறவர்களுக்குக் கட்டணம் இல்லை. ஒரு டம்ளர் தேநீரும் ஒரு பன்னும் உண்டு.

கண்காட்சி ஒரு ஞாயிறு காலை. நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தபோது, எதிர்ச் சுவரில், சரியாக நடுவில், கண்ணாடிச் சட்டத்துக்குள் அவள் கணவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள். அந்த நேரம் பார்த்து நூலகத்துப் பெண் கையைத் தட்டி, "பன் இப்ப வந்துரும், ரயிலடித் தெரு அடுப்புல சொல்லியிருக்கு. மாஸ்டரே வேலை முடிச்சுக் கொண்டுவரேன்னுட்டார்" என்றாள்.

மாடியம்மா கையிலிருந்த நாற்காலியை அப்படியே கீழே வைத்தாள். நேற்று சாயங்காலம் செருப்பு மாட்டும்போது அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. நாளைக்கு ஒரு ஆர்டர் இருக்கு, வர லேட்டாகும், நீ பாட்டுக்கு அக்கா வீட்டுக்குப் போயிடு.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து வைத்திருந்தாள். அது இப்போது சட்டம் போட்டுச் சுவரில் தொங்கியது. பொய் வெளிப்பட்டால் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். குளம் போய்விடும், தலைகீழ் வானம் போய்விடும். அவள் மறுபடி மேலும் கீழும் மட்டும் உள்ள உலகத்துக்குத் திரும்ப வேண்டும். அதைவிடப் பெரிய வேதனை ஒன்று இருந்தது. கடையில் அத்தனை பேரை அதட்டி வேலை வாங்கும் மனிதர் அவர். தலையணையைக் கட்டிக்கொண்டு வாய் திறந்து கிடப்பதை ஊரே வந்து பார்ப்பதா? ஒருநாள் அவர் சிரித்தபோது அவளுக்கு வலித்தது. இன்றைக்கு அவள் அவரை ஊர் சிரிக்க வைத்துவிட்டாளா?

ஆம்புலன்ஸ்காரர் படத்தின் பக்கத்திலேயே காவல்போல நின்றிருந்தார். அவள் நேரே அவரிடம் போனாள். எத்தனையோ ஞாயிறு பக்கத்தில் உட்கார்ந்தும் பேசாதவள் பேசினாள்.

"தம்பி, இந்தப் படத்தைக் கொஞ்சம் கழட்டி வச்சிருங்களேன்."

"ஏன்க்கா?"

"இது எம் புருஷன்."

அவர் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். முகம் சிவந்துபோனது, திருடிப் பிடிபட்டவர்போல. உடனே சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கழற்றப் போனார். மன்னிச்சிருங்கக்கா, தெரியாது என்றார். பிறகு, கையை எடுக்காமலே, சுவரைப் பார்த்தபடி மெல்லச் சொன்னார். அவர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிற எல்லோரும் மருத்துவமனைக்கு உயிரோடு வந்து சேர்வதில்லை. வராமல் போனவர்களின் முகங்கள் கண்ணை மூடினால் வந்துவிடும். மாத்திரை போட்டும் தூக்கம் கிடையாது. இந்தப் படத்தைக் கட்டிலுக்கு எதிரில் மாட்டிய பிறகுதான் கண் மூடுகிறது.

"என் வண்டியில கண்ணை மூடிப் படுத்திருக்கிறவங்களைப் பார்த்தே பழகிட்டேன்க்கா. இவரு மட்டும்தான் தூங்குறாரு. நல்லா தூங்குறாரு. பார்த்துக்கிட்டே இருந்தா எனக்கும் வந்துருது."

மாடியம்மா அவருடைய கண்களைப் பார்த்தாள். சிவப்பு இல்லை. எப்போதிலிருந்து இல்லை என்று அவள் கவனித்திருக்கவே இல்லை. அவள் பிடரி பார்ப்பவள் ஆயிற்றே.

வாசலில் மிதிவண்டி நிறுத்தும் சத்தம் கேட்டது. சட்டம் ஆணியிலிருந்து பாதி கழன்றிருந்தது. இன்னும் ஒரு நொடி போதும்.

"இருக்கட்டும் தம்பி" என்றாள். "மாட்டிடுங்க."

சொல்லிவிட்டுக் கூடத்தின் கடைசித் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். எண்சாண் உடம்பும் ஒரு சாணாகியிருந்தது.

கணவர் தலையில் பன் தட்டோடு வந்தார். சூடான ரொட்டியின் வாசனை கூடம் முழுக்கப் பரவியது. தட்டை மேஜைமேல் இறக்கி வைத்துவிட்டு, கையைத் துடைத்தபடி, வந்ததுதான் வந்தோம் என்பதுபோல் சுவரைப் பார்க்கத் தொடங்கினார். குளம், மரம், வாத்து, முதுகு காட்டும் மனிதர்கள். நடுவில் வந்ததும் நின்றார்.

தூணுக்குப் பின்னாலிருந்து அவளுக்குத் தெரிந்தது அவருடைய பிடரி மட்டும். ஊரில் உள்ள எல்லாப் பிடரிகளையும் படித்தவளுக்கு அன்றைக்கு அந்த ஒன்றைப் படிக்க முடியவில்லை. கோபமா, வெட்கமா, ஒன்றும் பிடிபடவில்லை. இத்தனை வருஷத்தில் அவரைப் பின்னாலிருந்து அவள் பார்த்ததே இல்லையோ? அவர் மெதுவாகச் சட்டைக் கையை இழுத்துத் தழும்பை மூடிக்கொண்டார். ஆம்புலன்ஸ்காரர் அவர் பக்கத்தில் போய் ஏதோ சொன்னார், நெடுநேரம் சொன்னார். கணவர் தலை ஒருமுறை அசைந்தது. பிறகு காலித் தட்டைக்கூட வாங்காமல், திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

அவள் வீட்டுக்கு வந்தபோது அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். தேநீரை வாங்கிக் குடிப்பார், சுவர்ப் பக்கம் திரும்புவார். தலை வாரிக்கொண்டே அவள் பார்ப்பாள்; ஒரு முதுகு தெரியும். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், திட்டியிருக்கலாம். அவளும் வாய் திறக்கவில்லை. அந்த வாரம் முழுக்க லிஃப்டில் "எந்த மாடி?" என்று கேட்கும்போது குரல் உள்ளேயே நின்றது. சொன்ன மாடியை விட்டுவிட்டு வேறு மாடியில் ஆட்களை இறக்கினாள். அக்காவிடம் சொல்லி அழுதபோது, "நீ வராத வீட்டுக்கு இனிமே வந்துதான் தொலையேன், சோறாவது மிச்சமாகாது" என்று சொல்லிவிட்டு அவளும் சேர்ந்து அழுதாள்.

ஞாயிறு விடிந்தது. இன்றைக்குப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டாள். அடுக்களையில் இல்லாத வேலையை இழுத்துப்போட்டுச் செய்துகொண்டிருந்தவளுக்கு முன்னறையிலிருந்து ஒரு மெல்லிய சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். படுத்திருக்க வேண்டியவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மடியில் செய்தித்தாள். மாவு வெட்டும் சின்னக் கத்தியால் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். அவள் கைப்பையில் ஒளித்து வைத்திருந்த அத்தனை பென்சிலும் ஊசி முனையாகி வரிசையாகக் கிடந்தன.

"அக்கா வீட்டுக்குக் கிளம்பலையா?" என்றார், தலை நிமிராமல்.

அவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"நூலகத்துக்குள்ள குடி வந்துட்டாங்க போல உங்கக்கா. அந்தப் படத்துக் கண்ணாடியில பார்த்தேன். என் மூஞ்சி மேல உன் மூஞ்சி. தூணுக்குப் பின்னாடி."

"கோவமாங்க?"

"கோவமா? யார் வரைஞ்சாங்கன்னு அந்தத் தம்பிகிட்ட நான் கேட்கவே இல்ல. கேட்கணுமா? நான் தூங்குறதைப் பார்த்தவ ஒருத்திதானே." கத்தியைக் கீழே வைத்தார். "இத்தனை வருஷமா நீ கிளம்பிப் போற அவசரத்துல என் பக்கம் திரும்பக்கூட மாட்டேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். புருவத்து மாவு வரைக்கும் பார்த்திருக்க."

அவள் முன்னறைக்குள் வந்தாள். "பின்ன ஏன் சுவரைப் பார்த்துப் படுத்தீங்க?"

"நீ பார்க்கிறேன்னு தெரிஞ்சப்புறம் எங்க தூக்கம் வரும்? வெட்கமா இருக்குல்ல" என்றார் அந்தப் பெரிய மனிதர். காது மடல் சிவந்திருந்தது. கொஞ்ச நேரம் பென்சில்களை இப்படியும் அப்படியும் நகர்த்தி வைத்தார். அவள் பாட்டை விட்டது தன்னால்தானா என்று கேட்டார். ஆமாம் என்றாள். சரி என்று மட்டும் சொன்னார், குரல் உடைந்திருந்தது. ஜன்னல் வழியாக வெயில் வந்து இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தது.

பிறகு அவர் சாய்ந்தார். இந்த முறை அவள் பக்கம் திரும்பி. தலையணையை எடுத்தார், வெட்கப்பட்டு வைத்தார், மறுபடி எடுத்துக் கட்டிக்கொண்டார்.

"பூங்காவுக்கு நேரமிருக்குல்ல? இங்கயே ஒண்ணு வரைஞ்சு எடுத்துக்கிட்டுப் போ. இந்த வாட்டி வாயை மூடி வரை."

"மூடியிருந்தா மூடி வரையறேன்."

வாயை இறுக மூடிக்கொண்டு, போலீஸ் ஸ்டேஷனில் படம் எடுக்க நிற்பவர்போல விறைப்பாகக் கிடந்தார். அவள் கட்டில் காலடியில் உட்கார்ந்து தாளை மடியில் வைத்துக்கொண்டாள். தலை வாரவில்லை, புடவை மாற்றவில்லை. முதல்முறையாக அவசரமில்லாமல் பார்த்தாள்.

"இதையும் யாருக்காவது கொடுத்துடணுமா?" என்றார், கண் மூடியபடி.

"வழக்கம் அதுதான்."

"அப்ப நல்லா வரை" என்றார், பாதித் தூக்கத்தில். "யாராவது ஒருத்தர் தூங்கணுமில்ல."

பென்சில் நடக்கத் தொடங்கியது. வெயில் கட்டில்மேல் ஏறி அவர் புருவத்து மாவைத் தொட்டது. விறைப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது; முழங்கால் மடிந்தது; மூச்சு குளத்து அலைபோல ஏறி இறங்கியது. அவள் உதட்டுக்கு வந்தபோது, அவர் வாய் மெல்லத் திறந்துகொண்டது.

அவள் சிரித்துக்கொண்டே, திறந்தபடியே வரைந்தாள்.